கலங்கிய நீரும் தேற்றாங்கொட்டையும்

துக்க வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நம்மில் பலருக்கு ஒரு தவிப்பு வந்துவிடுகிறது. உள்ளே போய் என்ன சொல்வது? கிறிஸ்தவர்களுக்கு இந்தத் தவிப்பு சற்று அதிகம். கையில் வேதம் இருக்கிறது, அதில் எத்தனையோ வாக்குத்தத்தங்கள் இருக்கின்றன, அவற்றுள் பொருத்தமான ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்று எண்ணுகிறோம். வசனம் நினைவுக்கு வராவிட்டால் "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்றோ "எல்லாம் நன்மைக்கே" என்றோ சொல்லி, ஒரு சிறு ஜெபம் செய்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறோம். போன கடமை முடிந்துவிடுகிறது. அந்த வீட்டின் பாரம் அப்படியே இருக்கிறது. சபை வாழ்க்கையில் பிறரைத் தேற்றியும் பிறரால் தேற்றப்பட்டும் நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. தேற்றுதல் என்பது மேலே நிற்பவர் கீழே கிடப்பவருக்குக் கொடுக்கும் தர்மம் அன்று. ஒரே வெள்ளத்தில் நிற்கிறவர்கள் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொள்வதுதான் அது. இதை உணராத சபையில் ஆறுதல் வெறும் சடங்காகிவிடுகிறது. உணர்ந்த சபையில், துன்பத்தில் இருப்பவரே இன்னொருவருக்குத் துணையாகிறார். இதற்கான காரணங்களையும் அதிலிருந்து வரும் சில நடைமுறைப் பாடங்களையும் இங்கே எழுதுகிறேன்.

'தேற்று' என்ற தமிழ்ச் சொல்லிலிருந்தே தொடங்கலாம். குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடித்த காலத்தில், புதுவெள்ளம் வந்து தண்ணீர் செம்மண் நிறமாகக் கலங்கிவிட்டால், மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து அதில் நீரை ஊற்றி வைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் மண் அடியில் படியும். மேலே தெளிந்த நீர் நிற்கும். கலித்தொகைக் காலத்திலேயே இது உவமையாகிவிட்டது. மனத்தைத் தெளிய வைப்பதற்கும் நீரைத் தெளிய வைப்பதற்கும் தமிழன் ஒரே சொல்லை வைத்திருக்கிறான். இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. கொட்டை பானைக்குள் இருக்கும் மண்ணை வெளியேற்றுவதில்லை. மண் அடியில் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் குடிக்க நீர் கிடைக்கிறது. எட்ட வைத்திருந்தால் அது வேலை செய்யாது. பானையின் உடம்போடு உரச வேண்டும். உரைக்க உரைக்கக் கொட்டையும் கொஞ்சம் தேய்கிறது. புதிய ஏற்பாட்டில் தேற்றுதலுக்கு வரும் கிரேக்கச் சொல்லுக்கு அடிப்படைப் பொருள் பக்கத்தில் அழைத்தல் என்பது. யோவான் நற்செய்தியில் தூய ஆவியாருக்கு வரும் பெயரும் அதே வேரில் பிறந்ததுதான். பழைய தமிழ் வேதாகமம் அதைத் 'தேற்றரவாளன்' என்கிறது. திருவிவிலியம் 'துணையாளர்' என்கிறது. இரண்டு மொழிபெயர்ப்பும் சேர்ந்துதான் முழுப் பொருளையும் தருகின்றன. துணையாக வந்து நிற்காதவரால் தேற்ற முடியாது.

இதற்கு நம்மிடம் இருக்கும் மிகப் பழைய சான்று தெசலோனிக்கே சபை. பவுலும் சீலாவும் அந்தத் துறைமுக நகரத்துக்குப் போய், மூன்று ஓய்வுநாள்கள் ஜெப ஆலயத்தில் பேசினார்கள். கலகம் வெடித்தது. அவர்களுக்கு வீடு கொடுத்த யாசோனை நகர அதிகாரிகளின் முன் இழுத்துப்போய், ஜாமீன் வாங்கிக்கொண்டு விட்டார்கள். பவுலை அன்று இரவே பெரோயாவுக்கு அனுப்பிவிட வேண்டியதாயிற்று. விசுவாசத்துக்கு வந்து சில வாரங்களோ மாதங்களோதான் ஆன ஒரு கூட்டம், வழிகாட்டி இல்லாமல், எதிரிகள் நடுவே நின்றது. அத்தேனே வரை போன பவுலுக்கு நிம்மதி இல்லை. தான் தனியாக இருந்தாலும் பரவாயில்லை என்று தீமோத்தேயுவைத் தெசலோனிக்கேவுக்குத் திருப்பி அனுப்பினார். அவர்களைத் திடப்படுத்தித் தேற்றுவதற்காக. தீமோத்தேயு திரும்பி வந்து கொண்டுவந்த செய்தியில்தான் திருப்பம் இருக்கிறது. அந்த இளம் சபை உறுதியாக நிற்கிறது என்ற செய்தி, கொரிந்துவில் நெருக்கடியில் இருந்த பவுலைத் தேற்றிவிட்டது. எங்கள் எல்லா இடுக்கத்திலும் உங்களாலேயே ஆறுதல் அடைந்தோம் என்ற கருத்தில் அவரே அவர்களுக்கு எழுதுகிறார். கி.பி. 50 வாக்கில் எழுதப்பட்ட அந்தக் கடிதம் புதிய ஏற்பாட்டின் மிகப் பழைய நூல்களுள் ஒன்று. தேற்ற ஆள் அனுப்பியவர் தேற்றப்பட்டார். தேற்றப்பட வேண்டியவர்கள் தேற்றினார்கள். அதே கடிதத்தில்தான், ஒருவரையொருவர் தேற்றிக்கொள்ளுங்கள் என்று இரண்டு தடவை சொல்லி, ஏற்கெனவே அப்படித்தான் செய்கிறீர்கள் என்றும் பாராட்டுகிறார்.

'ஒருவரையொருவர்' என்பதற்கான கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் ஏறத்தாழ 100 இடங்களில் வருகிறது. சபை என்றால் மேடையில் ஒருவர் கொடுக்க, பாயில் அமர்ந்தவர்கள் வாங்குவது என்று நாம் பழகிவிட்டதால், அந்தச் சொல்லின் மேல் கண் நிற்பதில்லை. ரோமாபுரி சபைக்கு எழுதும்போது பவுல், உங்களுக்கு ஏதோ கொடுக்க வருகிறேன் என்று தொடங்கிவிட்டு, உடனே தன்னைத் திருத்திக்கொள்கிறார்: உங்கள் விசுவாசத்தால் நானும், என் விசுவாசத்தால் நீங்களும் ஆறுதலடைய வேண்டும் என்பதே என் விருப்பம் என்கிறார். அந்தக் கடிதம் போய்ச் சில ஆண்டுகள் கழித்து அவர் கைதியாகத்தான் ரோமாபுரியை நெருங்குகிறார். செய்தி கேட்டு அங்கிருந்த சகோதரர்கள் அப்பியுபுரம் வரைக்கும், சிலர் மூன்று சத்திரம் வரைக்கும் எதிர்கொண்டு வருகிறார்கள். அப்பியுபுரம் ரோமாபுரியிலிருந்து 60 கிலோமீட்டருக்கும் மேல். அவ்வளவு தூரம் வந்தவர்கள் பேசிய வார்த்தை ஒன்றைக்கூட லூக்கா எழுதிவைக்கவில்லை. அவர்களைப் பார்த்ததும் பவுல் தேவனைத் துதித்துத் தைரியமடைந்தார் என்று மட்டும் எழுதுகிறார். ஒரு கைதியை எதிர்கொண்டு அழைக்க வெட்கப்படாமல் சாலையில் வந்து நின்றார்கள். கடிதத்தில் ஆசைப்பட்ட ஆறுதல் அப்படித்தான் கைக்கு வந்தது.

நம் காலத்துக்கும் நம் கரைக்கும் வருவோம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வீசியபோது, கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி போன்ற கடற்கரை ஊர்களின் மீனவர்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிக்கும் தொழில் அது. புயல் எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. கரையில் இருந்தவர்களுக்கு வந்தது சாவுகூட அல்ல, காத்திருப்பு. உடல் வராத வீட்டில் அடக்க ஆராதனை நடத்த முடியாது. அழுது முடிக்கவும் முடியாது. எத்தனை பேர் காணவில்லை என்பதிலேயே அரசு சொன்ன கணக்கும் ஊர்க்காரர்கள் சொன்ன கணக்கும் ஒத்துப்போகவில்லை. அப்போது பங்குகளிலும் மீனவர் அமைப்புகளிலும் உட்கார்ந்து, ஊர் ஊராக, படகு படகாகப் பெயர்ப்பட்டியல் எழுதினார்கள். டிசம்பர் 7-ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்தார்கள். தேடுங்கள் என்பதே கோரிக்கை. தேற்றுதலைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் அந்தப் பெயர்ப்பட்டியல்தான் என் மனதில் நிற்கிறது. "உன் மகனின் பெயர் இதில் இருக்கிறது, நாங்களும் அவனைத் தேடுகிறோம்" என்று ஒரு தாயிடம் சொல்வதைவிடப் பெரிய ஆறுதல் அந்த நேரத்தில் என்ன இருக்க முடியும்? அந்தத் தாளை எழுதியவர்களில் பலர் வீட்டிலும் காணாமல்போனவர்கள் இருந்தார்கள், அல்லது அடுத்த வீட்டில் இருந்தார்கள். கரையில் எவரும் வெளியாளாக நின்று தேற்றவில்லை.

ஆறுதல் என்றவுடன் நாம் வார்த்தையைத் தேடுகிறோம். ஆனால் ஆறுதலின் மகன் என்றே பெயர் பெற்ற ஒருவரைப் பற்றி அப்போஸ்தலர் நடபடிகள் சொல்வதைப் பாருங்கள். யோசே என்ற சீப்புருத் தீவுக்காரருக்கு அப்போஸ்தலர்கள் வைத்த பெயர் பர்னபா. அவர் தனியாகப் பேசிய பிரசங்கம் ஒன்றுகூட அந்த நூலில் இல்லை. அவருடைய செயல்கள் மட்டுமே இருக்கின்றன. தன் நிலத்தை விற்றுப் பணத்தைத் தேவையுள்ளவர்களுக்காகக் கொண்டுவந்து வைத்தார். மனம் மாறிய சவுலை எருசலேமில் யாரும் நம்பாமல் பயந்து ஒதுங்கியபோது, அவர் கையைப் பிடித்து அப்போஸ்தலர்களிடம் அழைத்துப்போனார். அந்தியோகியாவில் வேலை பெருகியபோது, எல்லாரும் மறந்திருந்த சவுலைத் தேடித் தர்சு வரைக்கும் போனார். பாதியில் திரும்பிப்போன மாற்குவை இனிச் சேர்க்கவே கூடாது என்று பவுல் நின்றபோது, பவுலைவிட்டுப் பிரிந்தாலும் பரவாயில்லை என்று மாற்குவைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறினார். பிற்காலத்தில் சிறையிலிருந்து அதே பவுல், மாற்குவை அழைத்துவா, அவன் எனக்குப் பயன்படுவான் என்று எழுதுகிறார். பணம், சிபாரிசு, பயணம், இரண்டாவது வாய்ப்பு. இந்த நான்கும்தான் பர்னபாவின் ஆறுதல் மொழி. நான் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் எளியது: ஒருவரைப் பார்க்கப் போகும் முன் என்ன சொல்வது என்று யோசிப்பதை நிறுத்தி, என்ன செய்வது என்று யோசித்தால், சொல்ல வேண்டியது தானாகவே கிடைத்துவிடும்.

இங்கே சிலர் ஒரு மறுப்பை எழுப்புவார்கள். அது பக்தியோடு எழுப்பப்படும் மறுப்பு என்பதால் மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். "எனக்குக் கர்த்தர் போதும். மனுஷனிடம் ஆறுதல் தேடுவது விசுவாசக் குறைவு" என்பார்கள். கேட்க உறுதியாக இருக்கிறது. ஆனால் கெத்செமனேயில் இயேசு என்ன செய்தார்? பிதாவிடம் ஜெபிக்கப் போகிறவர், பேதுருவையும் யாக்கோபையும் யோவானையும் கூட்டிக்கொண்டு போய், என் மனம் மிகவும் துக்கப்படுகிறது, நீங்கள் இங்கே தங்கி என்னோடு விழித்திருங்கள் என்று கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள் என்பது அவர்கள் குறை. கேட்டது அவர் குறையாகாது. பவுலும் மக்கெதோனியாவில் வெளியே போராட்டமும் உள்ளே பயமுமாகத் தவித்தபோது, தேவன் தன்னைத் தேற்றினார் என்று எழுதுகிறார். எப்படித் தேற்றினார் என்றால், தீத்துவை வரவைத்து. தேவனுடைய ஆறுதலுக்கும் மனிதருடைய ஆறுதலுக்கும் நடுவில் நாம் போடுகிற கோட்டைப் பவுல் போடவில்லை. ஹிட்லர் காலத்து ஜெர்மனியில் பிங்கன்வால்டே என்ற இடத்தில் போதகர்களைப் பயிற்றுவித்த டீட்ரிக் போன்ஹோஃபர், அந்தப் பள்ளியை 1937-இல் ரகசியக் காவல்துறை மூடிய பிறகு, கிறிஸ்தவர்கள் சேர்ந்து வாழ்வதைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அது 1939-இல் வெளிவந்தது. சோர்ந்துபோன மனிதனுக்குத் தன் சொந்த இதயத்தின் குரல் போதாது, சகோதரன் வாயிலிருந்து தேவ வார்த்தை வர வேண்டும் என்பது அதன் மையக் கருத்துகளில் ஒன்று. கர்த்தர் போதும் என்பது உண்மை. அந்தக் கர்த்தர் பெரும்பாலும் ஆள் அனுப்பியே வருகிறார் என்பதும் உண்மை.

இரண்டாவது மறுப்பு களைத்துப்போனவர்களிடமிருந்து வருகிறது. "என் பாரமே எனக்கு மலையாக இருக்கிறது. இதில் இன்னொருவரை எங்கே தாங்குவது?" கலாத்தியர் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில் இதற்குப் பதில் இருக்கிறது, ஆனால் தமிழில் அது முரண்பாடுபோலத் தோன்றும். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்க வேண்டும் என்று சொல்லி, சில வரிகளிலேயே அவனவன் தன் பாரத்தைச் சுமப்பான் என்றும் பவுல் சொல்கிறார். மூலத்தில் அவை இரண்டு வேறு சொற்கள். முதலாவது, ஒருவரை நசுக்கிவிடும் கனம். இரண்டாவது, ஒவ்வொருவருக்கும் உரிய சொந்த மூட்டை. நம் ஊர்ச் சாலையோரங்களில் இன்னும் சில இடங்களில் சுமைதாங்கிக் கல் நிற்கிறது. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்கவைத்து, தலைச்சுமைக்காரரின் தலை உயரத்துக்கு அமைத்திருப்பார்கள். தூக்கிவிட ஆளில்லாத வழியில், அவர் சுமையை அதன்மேல் சாய்த்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி தானே தலையில் ஏற்றிக்கொண்டு போகலாம். கல் அவரோடு சந்தைக்கு நடந்து போவதில்லை. மூட்டையைத் தனதாக்கிக்கொள்வதும் இல்லை. நாம் செய்ய வேண்டியதும் அவ்வளவே. அடுத்தவர் வாழ்க்கையை முழுதாகத் தூக்கிக்கொள்ள வேண்டும் என்று எண்ணுவதால்தான் பயந்து ஒதுங்குகிறோம். அரை மணி நேரம் இறக்கிவைக்க இடம் கொடுப்பதற்குச் சொந்தப் பாரம் தடையாக இருப்பதில்லை. சொல்லப்போனால் அதுவே தகுதி. பிள்ளையை இழந்த ஒருத்தியின் அருகில் உட்கார, பிள்ளையை இழந்த இன்னொருத்தியை விடத் தகுந்தவர் யார்? நாங்கள் அடைந்த ஆறுதலைக் கொண்டே பிறரைத் தேற்றுகிறோம் என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் தொடக்கத்திலேயே பவுல் சொல்வது இதைத்தான்.

மூன்றாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. "ஆறுதல் வார்த்தை அடுப்பை எரிக்குமா? வாடகை கட்டுமா?" எரிக்காது, கட்டாது. யாக்கோபு தன் நிருபத்தில் இதைவிடக் கடுமையாகவே கேட்கிறார்: உடுக்கத் துணியும் உண்ண உணவும் இல்லாதவரைப் பார்த்து, சமாதானத்தோடே போய்க் குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று சொல்லி அனுப்பினால் என்ன பயன்? ஆகவே இந்த மறுப்பை நான் முழுதாக ஏற்கிறேன். ஆனால் அது தேற்றுதலை மறுக்கவில்லை, போலியான தேற்றுதலைத்தான் மறுக்கிறது. சாவை எதிர்நோக்கிய பவுலின் கடைசிக் கடிதத்தில் உயர்ந்த இறையியலுக்கு நடுவே என்ன கேட்கிறார் தெரியுமா? துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவா, புத்தகங்களையும் கொண்டுவா, மாரிக்காலத்துக்கு முன்னே வந்துவிடு. சிறையில் குளிர் அடிக்கும் என்று அவருக்குத் தெரியும். ஒரு போர்வையைக் கேட்கிற அளவுக்கு அவர் நேர்மையாக இருந்தார். நம்மில் பலர் கேட்பதில்லை. சபையில் எழுந்து சாட்சி சொல்ல வெற்றிக் கதைகளை மட்டும் தேர்ந்தெடுக்கிறோம்; பிள்ளையின் கல்விக் கட்டணம் கட்ட முடியவில்லை என்பதைச் சாட்சி நேரத்தில் சொன்னால் விசுவாசம் குறைவு என்று நினைப்பார்களோ என்ற பயம். கேட்கத் தெரியாத சபையில் கொடுக்கவும் தெரியாது. ஒருவரையொருவர் தேற்றுவதில் பாதி வேலை, நமக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்பது.

இனி நடைமுறைப் பாடங்கள். முதலாவது, ஆளைப் பார்த்து மருந்து. தெசலோனிக்கேயருக்கு எழுதிய அதே கடிதத்தின் முடிவில் பவுல் மூன்று வகையினரைப் பிரிக்கிறார். ஒழுங்கில்லாமல் நடப்பவருக்குப் புத்தி சொல்ல வேண்டும். மனம் உடைந்தவரைத் தேற்ற வேண்டும். பலவீனரைத் தாங்க வேண்டும். எல்லாரிடத்திலும் பொறுமை வேண்டும். நாம் செய்யும் பெரிய தவறு, மனம் உடைந்தவருக்குப் புத்தி சொல்வது. வேலை போனவரிடம் "ஜெபத்தில் எங்கேயோ குறை இருக்கிறது, ஆராய்ந்து பாருங்கள்" என்பதும், குழந்தை இல்லாத தம்பதியரிடம் "உபவாசம் இருந்தீர்களா?" என்பதும் காயத்தில் உப்பு வைப்பது. யோபுவின் நண்பர்கள் எலிப்பாசும் பில்தாத்தும் சோப்பாரும் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த நூலில் அவர்கள் செய்த நல்ல காரியம் அதுதான். வாய் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. யோபுவின் துன்பத்துக்கு அவருடைய பாவத்தில் காரணம் தேடினார்கள். கடைசியில் தேவன் அவர்களைத்தான் கண்டிக்கிறார். காரணம் சொல்லும் ஆசை வரும்போது வாயை மூடிக்கொள்வது என்பது நான் எனக்கே வைத்துக்கொண்ட விதி. "எனக்கும் புரியவில்லை, ஆனால் நான் இங்கே இருக்கிறேன்" என்பது போதும். வசனம் சொல்லலாம், ஆனால் அவர் அழுது முடித்த பிறகு, அவர் கேட்கும் நிலைக்கு வந்த பிறகு.

இரண்டாவது, நாளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அடக்கத்தன்று வீடு நிறைந்திருக்கும். நாற்பதாம் நாள் ஜெபத்துக்கும் கூட்டம் வரும். அதற்குப் பிறகுதான் வீடு அமைதியாகிறது. முதல் கிறிஸ்மஸ், அவர் பிறந்த நாள், திருமண நாள், பிள்ளைக்குப் பரீட்சை முடிவு வரும் நாள். இவைதான் அந்த வீட்டில் தண்ணீர் மறுபடி கலங்கும் நாட்கள். நாட்காட்டியில் குறித்துவைத்து அன்று ஒரு போன் செய்யுங்கள். மூன்றாவது, "ஏதாவது தேவை என்றால் சொல்லுங்கள்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். துக்கத்தில் இருப்பவருக்குத் தேவையை யோசிக்கவே தெம்பிருக்காது. "செவ்வாய்க்கிழமை இறப்புச் சான்றிதழ் வாங்க நான் கூட வருகிறேன்", "வாரிசுச் சான்றிதழுக்கு மனு நான் எழுதித் தருகிறேன்", "பிள்ளைகளை ஒரு வாரம் நான் பள்ளியில் விட்டுவிடுகிறேன்" என்று குறிப்பாகச் சொல்லுங்கள். நான்காவது, ரகசியம். ஜெபக் குறிப்பாகச் சொல்லப்பட்டது மறுநாள் ஊர்ப் பேச்சாகிவிட்டால், அந்த மனிதர் இனி யாரிடமும் வாய் திறக்க மாட்டார். சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் நோயையோ குடும்பச் சிக்கலையோ போடும் முன், போடலாமா என்று அவரையே கேளுங்கள். ஐந்தாவது, தேற்றப்படுகிறவரிடமும் ஏதாவது ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். படுக்கையில் இருக்கும் முதியவரிடம் "என் மகளுக்காக ஜெபியுங்கள் தாத்தா" என்று கேளுங்கள். தனக்கு இன்னும் ஒரு வேலை இருக்கிறது என்று அவர் அறியும்போது முகமே மாறும். வாங்க மட்டுமே இருக்கும் மனிதன் சீக்கிரம் தளர்ந்துபோகிறான்.

இவ்வளவு சொன்னபின் ஓர் எல்லையையும் சொல்லியாக வேண்டும். மனச்சோர்வு நோயாக முற்றிவிட்டவருக்குச் சபையின் அன்பு வேண்டும். அதோடு மருத்துவரும் வேண்டும். வாரக்கணக்கில் தூக்கமில்லாமல், சாப்பிடாமல், சாவைப் பற்றியே பேசுகிறவரிடம் பிசாசு பிடித்திருக்கிறது என்றோ விசுவாசம் போதவில்லை என்றோ சொல்வது அவர் உயிரோடு விளையாடுவது. அற்புதங்கள் செய்தவர் என்று நாம் நம்பும் பவுலோடு கடைசிவரை இருந்தவர் மருத்துவரான லூக்கா. மருத்துவரைத் தேடுவதால் விசுவாசம் குறைந்துபோவதில்லை. அரசின் மனநல உதவி எண் 14416. அதைச் சபை அறிவிப்புப் பலகையில் எழுதிவைப்பதும் ஒருவரையொருவர் தேற்றுவதில் சேரும். கூட வந்து மருத்துவமனை வரிசையில் உட்காருவது அதைவிடப் பெரியது.

இன்னொரு வகையினரை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்: தேற்றுவதையே ஊழியமாகக் கொண்டவர்கள். போதகர், பங்குத்தந்தை, அருட்சகோதரி, உபதேசியார், சிறு கிராமத்தில் தனியாக ஊழியம் செய்யும் குடும்பம். ஒரு வாரத்தில் இரண்டு அடக்கமும் ஒரு திருமணமும் ஒரு குடும்பச் சண்டையும் பார்த்துவிட்டு, ஞாயிறு காலை மேடையில் புன்னகையோடு நிற்க வேண்டியவர்கள். அமலேக்கோடு நடந்த போரில் மலை உச்சியில் கையை உயர்த்தி நின்ற மோசேயின் கைகள் தளர்ந்தபோது, ஆரோனும் ஊர் என்பவரும் முதலில் செய்தது ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்காரவைத்தது. பிறகுதான் இரண்டு பக்கமும் நின்று கைகளைத் தாங்கினார்கள். ஓய்வு கொடுத்துவிட்டுத் தாங்குவது என்ற அந்த வரிசை முக்கியம். உங்கள் போதகர் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கடைசியாக எப்போது விசாரித்தீர்கள்? அவருக்கு ஒரு ஞாயிறு விடுப்பு கொடுக்க உங்கள் சபைக் கமிட்டி யோசித்திருக்கிறதா?

எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தில், சபை கூடிவருவதை விட்டுவிடாதீர்கள் என்று வரும் அறிவுரையை, ஞாயிறு ஆராதனைக்கு வராதவர்களைக் கண்டிக்கவே நாம் பெரும்பாலும் பயன்படுத்துகிறோம். ஆனால் அது யாருக்கு எழுதப்பட்டது என்று சில வரிகள் தள்ளிப் படித்தால் தெரியும்: பொதுவில் அவமானப்பட்டவர்கள், சொத்துகளைப் பறிகொடுத்தவர்கள், சிறையில் இருந்தவர்களோடு துன்பத்தைப் பகிர்ந்துகொண்டவர்கள். கூடிவருவதே ஆபத்தாக இருந்தவர்களிடம் கூடிவாருங்கள் என்று சொன்னதற்கு ஒரே காரணம், ஒருவருக்கொருவர் புத்தி சொல்லித் தைரியப்படுத்த வேண்டியிருந்தது. நாம் கூடிவருவதற்கு இன்று பெரிய தடை எதுவும் இல்லை. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேரே வாகனத்தை எடுக்கப் போகாதீர்கள். கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருப்பவரிடம் போய், அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "இந்த வாரம் எப்படிப் போனது?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் முடியும்வரை அங்கேயே நில்லுங்கள். அவர் உங்களைத் திரும்பக் கேட்டால், மறைக்காமல் சொல்லுங்கள்.